தமிழ் மாணவர்க்குச் சூழலியற் பாடம் எதற்கு?

வரலாறும் வணிகவியலும் தமிழும் பயிலும் மாணவர்க்குச் சூழலியற் பாடம் எதற்கு என்னும் வினா ஆசிரியர் அறைகளில் இன்றும் எழுகின்றது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், இப்பாடம் கட்டாயமாதல் வேண்டும் என்னும் கொள்கையை 1991-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனினும் 2003-இல் அந்நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்திய பின்னரே, பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆறு மாதப் பாடத்திட்டம் இளநிலை வகுப்புகளில் பரவலாக இடம்பெற்றது.

அத்திட்டம் நூறு மதிப்பெண்ணில் இருபத்தைந்தைக் களப்பணிக்கு ஒதுக்கியது. அதுவே அதன் உயிர்நாடி எனலாம். ஆனால் சென்ற ஆண்டின் குறிப்பேட்டைப் பார்த்தெழுதிக் களப்பணியை முடிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு என்பதை நம்மனோர் அறிவர்.

தருமபுரி மாவட்டத்திலோ களம் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இங்குள்ள பாறைகளின் தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகின்றது. மழை குறைந்து ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதால், பாறையிடையே நெடுங்காலம் தேங்கிய நீரையே பல ஊர்கள் பருகி வந்தன. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படின் அது குடிநீருக்கு ஆகாது. மிகுந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். நாட்செல்ல எலும்பும் மூட்டும் இறுகும். சிரிக்கும்போது கையால் வாய்பொத்தும் மாணவியர் சிலரை நாம் கண்டிருக்கிறோம். அது நாணம் அன்று.

இளமையில் பல் உருவாகும் பருவத்திலேயே இக்கறை ஊன்றிவிடுகின்றது. எனவே பதினெட்டு வயதில் படிக்கும் பாடம் அம்மாணவியின் பல்லை மீட்காது. வீட்டிலுள்ள கைக்குழந்தையைக் காக்கும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் வந்தது பெரும்பேறே. ஆயினும் குழாயில் நீர் வாராத நாளில் மக்கள் பழைய ஆழ்துளைக் கிணற்றையே நாடுவர். நீர் தெளிவாயிருக்கும், நாவுக்கும் வேறுபாடு தெரியாது. காய்ச்சினால் தீங்கு நீங்கும் என்று நம்புவோர் உளர். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.

இங்கேதான் தமிழ் மாணவர்க்கு வேலை இருக்கின்றது. தம் தெருக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்கச் செய்து, வேதியியல் மாணவர் துணையுடன் முடிவை உணர்ந்து, எது குடிப்பதற்கு, எது துவைப்பதற்கு என்று பாட்டிமார்க்கும் விளங்கும் தமிழில் எழுதி அங்கன்வாடிச் சுவரில் ஒட்டட்டும். அந்த ஒற்றைத் தாளுக்கு இருபத்தைந்து மதிப்பெண்ணையும் வழங்க நாம் அணியமாயுள்ளோம்.