எல்லை வகுத்த நீதியரசர்



வெள்ளிக்கிழமை நண்பகலில் காதர்பேட்டைப் பக்கம் வந்து பாருங்கள். பனியன் மூட்டைகளுக்கு விலை பேசிக்கொண்டிருந்த கேரளத்து வியாபாரியும், தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்த பீகார்த் தொழிலாளியும், மேற்கு வங்கத்து இளைஞரும், நம்மூர்ப் பெரியவரும் ஜும்ஆத் தொழுகையில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பார்கள். இக்காட்சியைக் கண்ட மத்ரஸா மாணவன் ஒருவன், “ஹஜ்ரத், இவர்களெல்லாம் வேறு நாட்டுக்காரர்களா?” என்று என்னிடம் கேட்டான். பிள்ளையின் கேள்வியில் பிழை இல்லை. சொல்லிக் கொடுக்காத நம்மிடமே பிழை இருக்கிறது. அவனுக்குக் கூறிய வரலாற்றை உங்களுக்கும் கூற விழைகிறேன்.

1947-இல் நாடு விடுதலை பெற்றபோது இன்றைய மாநிலங்கள் இல்லை. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த மாகாணங்கள் ஒருபுறம். ஐந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் மறுபுறம். நமது சென்னை மாகாணத்தில் தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் யாவரும் ஓராட்சியின்கீழ் வாழ்ந்தனர். மக்களின் மொழியைப் பார்த்து வகுத்த எல்லைகள் அல்ல அவை. போர்களும் உடன்படிக்கைகளும் விட்டுச் சென்ற கோடுகள்.

தெலுங்கு மக்களுக்குத் தனி மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு, 1952 டிசம்பர் 15-ஆம் நாள் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. மற்ற மொழியினரும் இதே கோரிக்கையை எழுப்பவே, அவ்வாண்டு டிசம்பரில் மத்திய அரசு மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை அமைத்தது. அதன் தலைவர் யார் தெரியுமா? பாட்னா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும், பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கிய ஸையித் ஃபஸ்ல் அலீ. எச்.என். குன்ஸ்ருவும் கே.எம். பணிக்கரும் உறுப்பினர்கள். பிரிவினையின் காயம் ஆறாத காலத்தில், நாட்டின் உள் எல்லைகளை வகுக்கும் ஆணையத்திற்கு ஒரு முஸ்லிம் தலைமை தாங்கினார் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

அவ்வாணையம் 104 ஊர்களுக்குச் சென்றது. 38,000 மைல் பயணம் செய்தது. ஒன்பதாயிரத்திற்கும் அதிகமானோரிடம் கருத்துக் கேட்டது. 1955 செப்டம்பர் 30-ஆம் நாள் அறிக்கையை அளித்தது. மொழியை முதன்மையாகக் கருதிய போதிலும், ஒரு மொழிக்கு ஒரே மாநிலம் என்ற கொள்கையை அது அப்படியே ஏற்கவில்லை. நாட்டின் ஒற்றுமை, நிர்வாக வசதி, பொருளாதாரம் ஆகியவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தது.

அந்த அறிக்கையில் ஒரு செய்தி என் உள்ளத்தைத் தொட்டது. பீகாருக்கும் மேற்கு வங்கத்திற்கும், பீகாருக்கும் ஒரிசாவுக்கும் இருந்த எல்லைத் தகராறுகளை ஆராய்வதிலும் தீர்ப்பதிலும் தலைவர் பங்கு கொள்ளவில்லை. பீகாரோடு தமக்கு நெடுங்காலத் தொடர்பு உண்டென்பதால், அவ்விஷயத்திலிருந்து அவர் விலகிக் கொண்டார். ஈற்றில் பீகாரின் சில பகுதிகள் மேற்கு வங்கத்தோடு சேர்ந்தன. சொந்தங்களுக்கு எதிராக இருப்பினும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்பதன்றோ நமது மார்க்கத்தின் போதனை! அதை அவர் அரசுப் பணியில் நடத்திக் காட்டினார்.

1956 நவம்பர் முதல் நாள் பதினான்கு மாநிலங்களும் ஆறு யூனியன் பிரதேசங்களும் அமைந்தன. அன்று திருப்பூர் அடங்கியிருந்த கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகா மைசூருக்குச் சென்றது. பாலக்காட்டை உள்ளடக்கிய மலபார் கேரளத்தோடு இணைந்தது. திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. நேற்றுவரை ஒரே மாகாணத்தார். இன்று அண்டை மாநிலத்தார். மண்ணும் மாறவில்லை, மனிதரும் மாறவில்லை!

பின்னரும் கோடுகள் மாறிக்கொண்டே இருந்தன. 1960-இல் பம்பாய் மாநிலம் மகாராஷ்டிரம், குஜராத் எனப் பிரிந்தது. 1966-இல் பஞ்சாபிலிருந்து ஹரியானா பிறந்தது. 1969-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. 2000-இல் சத்தீஸ்கர், உத்தராகண்ட், ஜார்கண்ட் ஆகியவை தோன்றின. உடனடியாக ஆந்திரத்தோடு இணைக்க வேண்டாம் என ஆணையம் கூறியிருந்த தெலங்கானா, 1956-இல் இணைக்கப்பட்டு, 2014 ஜூன் 2-ஆம் நாள் தனி மாநிலமாயிற்று. இன்று 28 மாநிலங்களும் 8 யூனியன் பிரதேசங்களும் உள்ளன.

எப்படி எல்லை வகுத்தாலும், கோட்டின் இப்பக்கமும் அப்பக்கமும் சிறுபான்மை மொழியினர் இருக்கவே செய்வர். ஆகவேதான் 1956-ஆம் ஆண்டு ஏழாவது திருத்தத்தின் வழியாக 350-ஏ என்னும் பிரிவு அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கான வசதிகளைச் செய்துதர அது மாநிலங்களைப் பணிக்கிறது. தமிழகத்து உருதுக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். நாட்டின் எப்பகுதியிலும் குடியேறி வாழும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் 19-ஆவது பிரிவு வழங்குகிறது.

வாசகர்களே, 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பலர் அஞ்சி ஊர் திரும்பினர். உண்மையறிய பீகார் அரசின் குழுவினர் திருப்பூருக்கே வந்தனர். ஒருவரையொருவர் அறியாதவரிடையே வதந்தி எளிதாக வேர்விடும் என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம். பல சமூகத்தாராகவும் கோத்திரத்தாராகவும் மனிதரைப் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்று திருமறை போதிக்கிறது. நாமோ, பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் பெயரைக்கூட அறியாமல் “வடக்கத்தியர்” என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்!

இவ்வூரின் பின்னலாடைத் தொழில்கூட வங்கத்தோடு தொடர்புடையது. கல்கத்தாவில் பின்னல் இயந்திரத்தைக் கண்ட குலாம் காதர், 1925-இல் இங்கே பேபி நிட்டிங் என்னும் தொழிலகத்தைத் தொடங்கினார் என்பது திருப்பூரின் வரலாறு. அங்கிருந்து அன்று இயந்திரம் வந்தது. இன்று மனிதர் வருகின்றனர். இயந்திரத்தை வரவேற்ற ஊர் மனிதரை வரவேற்கத் தயங்கலாமா?

இன்றிரவே உங்கள் பிள்ளைகளின் முன் இந்திய வரைபடத்தை விரித்து வையுங்கள். அண்டை வீட்டுத் தொழிலாளியின் ஊர் அதில் எங்கிருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். நாளை அவருக்கு ஸலாம் உரைத்து, அவ்வூரின் நலத்தை விசாரியுங்கள்.

நீதியோடும் நேயத்தோடும் வாழ எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்தருள்வானாக! ஆமீன்.