பத்திரத்தின் ஓரத்தில் ஒரு கோலம்

மார்கழி விடிகாலையில் சிதம்பரம் மேல வீதியில் நடந்து பாருங்கள். வாசலுக்கு வாசல் சிக்குக்கோலம்! புள்ளிகளைச் சுற்றி நெளிந்தோடும் கோடு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்றே தெரியாது.

இதே போன்ற பின்னல் பழைய பத்திரங்களிலும் உண்டு. கடலூர் முதுநகர் பழைய துறைமுகம். அங்கே யார் வீட்டுப் பெட்டியிலாவது கொள்ளுத்தாத்தா காலத்துப் பங்குப் பத்திரம் இருந்தால், அதன் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பல பத்திரங்களில் மெல்லிய கோடுகள் பின்னிப் பின்னிப் பூவாக விரிந்திருக்கும். இந்தப் பின்னலுக்குக் கில்லோஷ் என்று பெயர்.

கம்பெனியில் பணம் போட்டவருக்கு அன்று அந்தப் பத்திரம்தான் அத்தாட்சி. வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியில் ஒரு பங்கின் விலை 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். அந்தக் காலத்தில் 25 ரூபாய் பெரிய பணம். இவ்வளவு மதிப்புள்ள தாளை யாராவது கள்ளத்தனமாக அச்சடித்துவிட்டால்? அழகான அந்தப் பூதான் காவல்காரன்.

அதைக் கையால் வரையவில்லை. பல்சக்கரங்கள் உலோகத் தகட்டைச் சுழற்ற, கூரிய முனை கோடு கீறும். 1800களின் தொடக்கத்தில் அமெரிக்கர் ஏசா ஸ்பென்சர் இதற்கென்றே ஓர் எந்திரம் செய்தார். எந்தச் சக்கரத்தில் எத்தனை பல் என்று தெரியாத கள்ளனால் அதே பூவை மறுபடி வரவழைக்க முடியாது.

ஸ்பைரோகிராஃப் விளையாட்டுச் சாமானில் இதைச் சோதிக்கலாம். வளையத்தில் 96 பல், உள்ளே உருளும் சக்கரத்தில் 36 பல். இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 12. சக்கரம் வளையத்தை 3 முறை சுற்றியதும் (36÷12) சக்கரத்தில் செருகிய பேனா புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். பூவுக்கு 8 இதழ் (96÷12). சக்கரத்தில் ஒரே ஒரு பல்லைக் குறைத்து 35 ஆக்கினால்? பொதுக் காரணி 1. சக்கரம் 35 சுற்றுச் சுற்றி, 96 இதழ் போட்ட பிறகுதான் கோடு மூடும். ஒரு பல் செய்கிற வேலையைப் பாருங்கள்! எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

இப்போது வாசலுக்கு வருவோம். வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வையுங்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் சாய்வாக வெட்டிக்கொள்ள வேண்டும். வெளி ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்பலாம். கையெடுக்காமல் ஒரே கோட்டில் முடியும். 3 வரிசை, 3 புள்ளி என்றால் மூன்று தனிக் கோடுகள் வேண்டும். இங்கேயும் அதே பொதுக் காரணிதான் கணக்கு!

4 வரிசை, 6 புள்ளிக்கு எத்தனை கோடு? மாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள்.