நோய்க்காலக் கூலி: அன்றும் இன்றும்

தாது வருஷப் பஞ்சத்தில் பிழைத்துக் கிடந்த பலருக்கு மண்வெட்டியும் கூடையும்தான் சோறு போட்டன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய அந்தப் பஞ்சத்தில் அரசு நிவாரணப் பணிகளைத் திறந்தது. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். கூலி என்னவோ கொடுமையானது. 1877இல் ஆங்கில அரசின் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கணக்குப்படி, நாள் முழுக்க மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் கிடைத்தன. பெண்ணுக்கும் சிறுவருக்கும் அதிலும் குறைவு. ஆனாலும் அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு மாகாணங்கள்தோறும் பஞ்ச நிவாரண விதிகள் எழுதப்பட்டன. மழை பொய்த்தால் கூலியாள் பட்டினி கிடப்பான், அவனுக்கு வேலையும் கூலியும் கொடுக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்று ஆங்கில அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது.

நோய்க்கு அப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. பம்பாயில் பிளேக் பரவியபோது, 1897 பிப்ரவரியில், கொள்ளை நோய்ச் சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம் அது. பயணிகளைச் சோதிக்கலாம், நோயாளி என்று சந்தேகப்பட்டவரைப் பிரித்து வைக்கலாம், உத்தரவை மீறினால் தண்டிக்கலாம், நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. பிரித்து வைக்கப்பட்டவரின் வீட்டில் அன்று அடுப்பு எப்படி எரியும் என்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

ஏன் இந்த வேறுபாடு என்று யோசித்தால் ஒன்று புலப்படுகிறது. பஞ்ச நிவாரணம் ஆட்களை ஓரிடத்தில் கூட்டி வேலை வாங்கியது. உழைக்காதவனுக்குக் காசு கொடுக்கிறோமே என்ற சங்கடம் அரசுக்கு எழவில்லை. தொற்றுக்காலத்தில் கூட்டமே ஆபத்து, வேலைக்குப் போவதே குற்றம். அப்போது கூலியாளைக் காப்பாற்ற ஒரே வழி, வேலை வாங்காமல் பணம் கொடுப்பது. அந்த இடத்துக்கு வந்து சேர இந்த நாட்டு அரசுகளுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1918இல் விஷக்காய்ச்சல் (இன்ஃபுளுவென்சா) வந்தது. ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டி, ரயில் பாதைகளில் நாடெங்கும் போய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியரைக் கொன்றது. அதே ஆண்டு ஏப்ரல் 27 அன்றுதான் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியிருந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற அந்தச் சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று, மதிய உணவு இடைவேளையைக் கொஞ்சம் நீட்ட வேண்டும் என்பது. சாப்பிட நேரம் கேட்கவே ஒரு சங்கம் தேவைப்பட்ட நாளில், காய்ச்சலில் கிடந்த நாளுக்குக் கூலி என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத பேச்சு.

சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு முதலில் விடிந்தது. ஆலைத் தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று பேராசிரியர் பி.பி. அதார்கர் 1944இல் அறிக்கை கொடுத்தார். 1948இல் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது, 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறையானது, 1955இல் கோவைக்கு வந்தது. இன்று அதில் உள்ள தொழிலாளி நோயில் விழுந்தால் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆலைக் கதவுக்கு வெளியே நின்ற சித்தாளுக்கும், ரிக்‌ஷா மிதித்தவருக்கும், வீட்டு வேலை செய்த பெண்ணுக்கும் இதில் ஒன்றுமில்லை. நாட்டின் உழைப்பாளிகளில் பெரும்பாலோர் இவர்கள்தான்.

இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் எந்த நோயோடும் தொடர்பில்லாமல் நடந்தது. தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. கட்டடத் தொழிலாளருக்கான நலவாரியம் 1994இல் அமைந்தது. சாரத்திலிருந்து விழுந்து சாகிறவனுக்கு முதலாளி யார் என்றே தெரியாத தொழில் அது. இன்று ஒரு மேஸ்திரி, நாளை வேறொரு மேஸ்திரி. அதனால் தனி முதலாளியைத் தேடாமல், கட்டுகிற ஒவ்வொரு கட்டடத்தின் மதிப்பிலும் ஒரு பங்கை வாங்கி, தொழிலாளர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நிதி வையுங்கள் என்று சங்கங்கள் கேட்டன. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் அகில இந்திய அளவில் இயக்கம் நடந்து, 1996இல் மத்தியச் சட்டமும் வந்தது. கட்டுமானச் செலவில் 1 முதல் 2 விழுக்காடு வரை வரி. விபத்து, பிள்ளைகளின் படிப்பு, பேறுகாலம், ஓய்வூதியம் ஆகியவற்றை மனத்தில் வைத்து உண்டாக்கிய நிதி அது. கொள்ளை நோயை அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு அடைக்கப்பட்டது. அன்றே மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது: கட்டடத் தொழிலாளர் நிதியில் சுமார் 52,000 கோடி ரூபாய் இருக்கிறது, பதிவு பெற்றவர்கள் சுமார் 3.5 கோடிப் பேர், அவர்கள் வங்கிக் கணக்கில் பணம் போடுங்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும், விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் அறிவிக்கப்பட்டன. நலவாரியத்தில் பதிந்த கட்டடத் தொழிலாளருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் தனியாக 1,000 ரூபாய், பிறகு இன்னொரு 1,000. மறு ஆண்டு இரண்டாம் அலையில், 2021 மே 7 அன்று பதவியேற்ற புதிய அரசின் முதல் கையெழுத்துகளில் ஒன்று, அரிசி அட்டைதாரருக்கு இரண்டு தவணையில் 4,000 ரூபாய். 2 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள். வீடு வீடாக டோக்கன் கொடுத்து, ரேஷன் கடையில் கையில் கொடுத்தார்கள்.

போதுமான தொகையா? நிச்சயமாக இல்லை. 2020-21இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த ஒரு நாள் கூலி 256 ரூபாய். அரசின் கணக்குப்படியே 1,000 ரூபாய் என்பது ஏறக்குறைய நான்கு நாள் கூலிக்குச் சமம். கொத்தனாருக்கு ஒன்றிரண்டு நாள் கூலி. அடைப்போ வாரக்கணக்கில் நீண்டது. வாடகையும் வட்டியும் அடைபடவில்லை. ஆனால் டெம்பிள் கூலியையும் 1897 சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடந்தது பெரிய மாற்றம். வேலை செய்யாத நாளுக்கு, வேலை செய்யக் கூடாது என்று அரசே சொன்ன நாளுக்கு, எந்த உழைப்பும் கேட்காமல் பணம் வந்தது.

அந்தப் பணம் சில நாட்களில் கைக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம், வாய்க்கால் முன்பே வெட்டப்பட்டிருந்ததுதான். ஏழை, பணக்காரன் என்று பிரித்துக் கடுமையாக வடிகட்டாத ரேஷன் முறையைத் தமிழ்நாடு காப்பாற்றி வைத்திருந்தது. சங்கங்கள் பத்தாண்டுக் கணக்கில் போராடி நலவாரிய அட்டை வாங்கித் தந்திருந்தன. அதே மாதங்களில் பிரிட்டன் தன் தொழிலாளருக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு, மாதம் 2,500 பவுண்டு வரை கொடுத்தது. 1.17 கோடி வேலைகளை அந்தத் திட்டம் தாங்கியது. அங்கும் பணம் போன வழி, வருமான வரிக்காக வைத்திருந்த சம்பளப் பதிவேடுதான். குறித்த தேதிக்குள் அந்தப் பதிவேட்டில் ஏறாமல் புது வேலைக்கு மாறியவர்கள் தவித்தார்கள்.

நம் ஊரில் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் எத்தனையோ பேர். நலவாரிய அட்டையைப் புதுப்பிக்கும் நாளைத் தவற விட்டவர்கள், பணிச் சான்று தர ஆள் கிடைக்காமல் பதியாமலே போனவர்கள், அரிசி அட்டை சொந்த ஊரில் கிடக்க நகரத்தில் தனியாக வாழ்ந்தவர்கள். ஒடிசாவிலும் பீகாரிலும் இருந்து வந்து நம் மெட்ரோ தூண்களையும் அடுக்குமாடிகளையும் எழுப்பியவர்களுக்கு 15 கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் ஒரு கிலோ எண்ணெயும் அறிவித்தார்கள். ஊருக்கு அனுப்பப் பணம் இல்லாதவன் அந்த அரிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அவர்கள் ஊர் திரும்பக் கிளம்பியதில் வியப்பில்லை. அடைப்புக் காலத்துக்கும் முழு ஊதியம் கொடுக்க வேண்டும் என்று 2020 மார்ச் 29 அன்று மத்திய அரசு முதலாளிகளுக்கு உத்தரவிட்டது. மே 18 முதல் அது நடைமுறையில் இல்லை. முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது உச்ச நீதிமன்றம். அன்றாடங்காய்ச்சிக்குப் பேசித் தீர்த்துக்கொள்ள எதிரில் யார் இருந்தார்கள்?

இப்போது பட்டியல் பெரிதாகிவிட்டது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் என்ற இணையப் பதிவில் கோடிக்கணக்கான அமைப்புசாராத் தொழிலாளர் ஏறிவிட்டார்கள். ஆதார் எண்ணோடும் வங்கிக் கணக்கோடும் சேர்ந்த பதிவு அது. பணம் போகும் வழி இனி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உரிமைதான் இன்னும் எழுதப்படவில்லை. 1897 சட்டத்தை 2020 செப்டம்பரில் திருத்தினார்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு ஏழாண்டு வரை சிறை என்று சேர்த்தார்கள். அது தேவையான திருத்தம். கூலி பற்றி அப்போதும் ஒரு வரி சேரவில்லை. அதே மாதம் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 144ஆம் பிரிவில் பெருந்தொற்று என்ற பேச்சு வருகிறது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சந்தாவை அப்போது மூன்று மாதம் வரை தள்ளி வைக்கலாம், குறைக்கலாம் என்பதற்காக வருகிறது.

1939இல் நாட்டுக்கே முன்னோடியாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். அந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறது. நோயைக் காரணம் காட்டி அரசு ஒரு தொழிலை நிறுத்தினால், நிறுத்திய ஒவ்வொரு நாளுக்கும் அந்தத் தொழிலின் குறைந்தபட்சக் கூலியில் ஒரு பங்கு, பதிந்தவருக்கும் பதியாதவருக்கும், உள்ளூராருக்கும் வெளி மாநிலத்தவருக்கும் சேர வேண்டும் என்ற பிரிவை அதில் எழுதலாம். அடுத்த தொற்று வருவதற்கு முன், கடைகள் திறந்திருக்கும்போதே, எழுதிவிட வேண்டும்.