பசுவின் வயிற்றில் மாதாமாதம் முளைக்கும் சுரப்பி

கடம்பூர், கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் காட்டில் மழை பொய்த்த ஆண்டுகளில் சம்சாரிக்குக் கைகொடுப்பது தொழுவத்து மாடும் நாலு கன்னி ஆடுகளும்தான். பசு ஒரு பருவம் சினைபிடிக்கத் தவறினால் 21 நாள் தீவனம் வீண். உடனே "ஊசி போட்டுப் பருவத்துக்குக் கொண்டுவாருங்கள்" என்று டாக்டரிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. எல்லா மாட்டுக்கும் அந்த ஊசி பொருந்தாது. காரணம் சினைப்பையில் இருக்கிறது.

சினைப்பையில் நீர்க்கொப்புளம் போன்ற பையொன்றில் முட்டை வளர்கிறது. முட்டையைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. மாடு கத்துவதும், கண்ணாடி போன்ற சளி ஒழுகுவதும் இதனால்தான். பருவ அறிகுறி அடங்கிச் சுமார் 12 மணி நேரத்தில் கொப்புளம் வெடித்து முட்டை வெளியேறுகிறது.

வெடித்த இடம் வெறும் புண்ணாக ஆறிப்போவதில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலால், எஞ்சிய அதே உயிரணுக்கள் பருத்து உருமாறுகின்றன. புது இரத்தக் குழாய்கள் அவற்றினூடே படர்கின்றன. ஒரு வாரம், பத்து நாளில் நெல்லிக்காய் அளவுக்குத் தனிச் சுரப்பியே உருவாகிவிடுகிறது. இதுதான் கார்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் உடலம். பசுவில் கரோட்டின் சேர்வதால் மஞ்சள் நிறம். ஆட்டிலும் எருமையிலும் அந்த நிறம் இராது. இப்போது உயிரணுக்களின் தொழிலும் மாறிவிடுகிறது. அவை சுரப்பது புரோஜெஸ்டிரோன். அது கரு தங்கக் கருப்பையைப் பக்குவப்படுத்தி, அடுத்த பருவம் வராமல் அடக்கிவைக்கிறது.

கரு தங்காவிட்டால் 16, 17ஆம் நாள் வாக்கில் கருப்பையே புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அனுப்பிச் சுரப்பியைக் கரைத்துவிடும். மாடு மறுபடி பருவத்துக்கு வரும். கரு தங்கினால் அது தரும் சைகையால் சுரப்பி கரையாமல் நின்று சினையைக் காக்கும்.

பருவ ஊசியில் பெரும்பாலும் இருப்பது இதே புராஸ்டாகிளாண்டின்தான். பருவம் முடிந்த முதல் 5 நாளில் போட்டால் இளம் சுரப்பி அதற்கு மசியாது. சினைமாட்டுக்குத் தவறிப் போட்டால் கன்று கலைந்துவிடும். பங்குனி, சித்திரையில் வெறும் சோளத்தட்டையைத் தின்று எலும்பு தெரிய நிற்கும் மாட்டின் சினைப்பையில் கரைக்கச் சுரப்பியே இருக்காது. அதற்கு வேண்டியது ஊசியல்ல. கொஞ்சம் பிண்ணாக்கும், பசுந்தீவனமும், தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும்.

ஆகவே காளைக்கு விட்ட தேதியை, அல்லது சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் கைவிட்டுப் பார்த்துச் சினை இல்லை என்று உறுதி செய்த பிறகே பருவ ஊசி போடலாம். ஆட்டில் அப்படிக் கைவிட்டுப் பார்க்க வழியில்லை. கிடாவோடு சேர்ந்த தேதி தெரியாத வெள்ளாட்டுக்கு, ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் இந்த ஊசியைப் போடாமல் விடுவதே நல்லது.