வெளிநாட்டில் ஒரு பருவம் சட்டப் படிப்பு

பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலும் மகள் விடுமுறைக்கு வீடு வருகிறாள். "அம்மா, அடுத்த பருவம் வெளிநாட்டில் படிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்" என்கிறாள். பெற்றோருக்குப் பெருமை ஒருபுறம். இருக்கிற நகையை அடகு வைக்க வேண்டுமோ என்ற கலக்கம் மறுபுறம். இத்தகைய குடும்பங்களுக்காகவே இன்றைய பேச்சு.

பரிமாற்று மாணவர் என்பவர் யார்? இரு பல்கலைக்கழகங்கள் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. இங்குள்ளவர் அங்கே சென்று ஒரு பருவமோ ஓராண்டோ படிப்பார். அங்குள்ளவர் இங்கே வருவார். நம் பிள்ளை நம் பல்கலைக்கழகத்தின் மாணவராகவே இருப்பார். பட்டம் இங்கேதான், படிப்புக் கட்டணமும் பொதுவாக இங்கே மட்டும்தான். உடன்படிக்கை இல்லாமல் வருகை மாணவராகச் சேர்ந்தால், அந்நாட்டுப் பல்கலைக்கழகத்திற்கே கட்டணம் செலுத்த நேரிடும். காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் கேட்கும்; பணப்பைக்கு ஒன்றல்ல. ஆகவே, பெயரை மட்டும் பாராமல், கட்டணம் யாருக்கு, எவ்வளவு என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுமே, பிற நாட்டுச் சட்டம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

1928ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண்மணிக்கு அவருடைய தோழி ஒரு போத்தல் இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். அதனுள் அழுகிய நத்தை கிடந்ததாகச் சொல்லி அப்பெண்மணி வழக்குத் தொடுத்தார். விலை கொடுத்து வாங்கியவர் அவரல்லர். ஆயினும், பொருளைப் பயன்படுத்துவோரிடம் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை உண்டு என்று 1932இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தின் வழியாக ஆங்கிலப் பொதுச் சட்டம் நம் நாட்டிலும் இடம்பெற்றிருப்பதால், இந்தக் கோட்பாடு நமக்கும் உரியது. தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பவரும் அதை வாங்கியவரல்லர். பழுதான கலனால் அவருக்குக் கேடு வந்தால், செய்தவனைக் கேள்வி கேட்க வழி திறந்தது அந்த நத்தைதான்! பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ படிப்பவர் இத்தகைய சட்டத்தின் வேரையும் மற்றொரு கிளையையும் காண்கிறார்.

நெதர்லாந்துக்குச் செல்பவர் வேறு வகைச் சட்டமுறையைக் காண்பார். அங்குள்ள தி ஹேக் நகரில்தான் அனைத்துலக நீதிமன்றம் இருக்கிறது. சிப்பாடான், லிகித்தான் தீவுகள் மலேசியாவுக்கே உரியவை என்று 2002இல் தீர்ப்பளித்தது அந்த நீதிமன்றமே.

இனிப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அங்கே படிக்கும் பாடங்கள் இங்கே கணக்கில் சேருமா என்பதைப் புறப்படும் முன்பே எழுத்து மூலம் பெற வேண்டும். இல்லையேல் படிப்பு ஒரு பருவம் நீண்டுவிடலாம். நம் நாட்டு நிலச் சட்டம் போன்றவற்றை இங்கே படிப்பதே முறை.

இரண்டாவது, கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று பொருளல்ல. விமானச் சீட்டு, தங்கும் அறை, உணவு, காப்புறுதி, விசா எல்லாம் உண்டு. உதவித்தொகை உண்டா என்று பல்கலைக்கழகத்தில் கேட்டறிந்த பிறகே கடனைப் பற்றி நினையுங்கள்.

மூன்றாவது, தேர்வு செய்வது பல்கலைக்கழகம். இடம் வாங்கித் தருகிறேன் என்று வரும் இடைத்தரகரிடம் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்.

ஒரு பருவம் சென்று வந்ததால் மட்டும் ஒருவர் வழக்கறிஞராகிவிட மாட்டார். திரும்பி வந்து பட்டத்தை முடித்து, 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி ஒன்பது மாதப் பயிற்சியும் பெற வேண்டும். எனினும், இரு நாட்டுச் சட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர், "இதுதான் வழக்கம்" என்ற சொல்லுக்கு எளிதில் தலையாட்ட மாட்டார். அத்தகைய வழக்கறிஞர்கள் நம் மக்களுக்குத் தேவை.

ஆகவே, பெண்பிள்ளை என்றோ, தொலைதூரம் என்றோ உடனே மறுத்துவிடாதீர்கள். பிள்ளையுடன் அமர்ந்து அந்தக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள், கணக்குப் போடுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.