கிரியேட்டினின் ஏறும்வரை காத்திருக்கலாமா?

பி.என்.எச். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரிய ரத்த நோய் பரம்பரையாக வருவதல்ல. எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம்செல் ஒன்றில் ‘பிக்-ஏ’ மரபணு இடையில் பழுதாவதால் வருவது. அந்த செல்லிலிருந்து பிறக்கும் சிவப்பணுக்களில் சிடி55, சிடி59 என்ற காப்புப் புரதங்கள் இருப்பதில்லை. அதனால் உடலின் எதிர்ப்பாற்றலே ரத்தக்குழாய்க்குள் அவற்றை உடைத்துவிடுகிறது. ரத்தசோகையும் ரத்தக்கட்டும் உடனே அச்சுறுத்துவதால் கவனம் முழுவதும் அவற்றின் மீதே குவிகிறது. சிறுநீரகத்தையும் முதல் நாளிலிருந்தே கண்காணிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அணுக்கள் உடைந்து வெளிவரும் ஹீமோகுளோபினை ரத்தத்திலுள்ள ஹாப்டோகுளோபின் ஓரளவுக்கே பிடித்துவைக்கும். மிஞ்சியது சிறுநீரகத்தில் வடிந்து, நுண்குழாய் செல்களில் இரும்பாகப் படிகிறது. சிறுநீரின் படிவை பிரஷ்யன் நீலச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், உதிர்ந்த செல்களுக்குள் இரும்புத் துகள்கள் நீலமாகத் தெரியும். அணுச்சிதைவு திடீரென அதிகமானால் சிறுநீரகம் சில நாட்களிலேயே செயலிழக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மெல்லத் தேயும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் 195 நோயாளிகளில் 65 சதவீதம் பேருக்கு, அணுச்சிதைவைத் தடுக்கும் எகுலிசுமாப் மருந்து தொடங்கும் முன்பே சிறுநீரகப் பாதிப்பு இருந்தது.

சிறுநீரகச் செயல்பாட்டை அறிய ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் சரியாக இருக்கும்போது கவலை எதற்கு என்று கேட்கலாம். வடிகட்டும் திறன் கணிசமாகக் குறைந்த பிறகே பலருக்கு அந்த அளவு ஏறுகிறது. பத்து லட்சத்தில் ஓரிருவருக்கு வரும் நோயை எங்கே தேடுவது என்றும் கேட்கலாம். எல்லோரிடமும் தேட வேண்டியதில்லை. சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் இருந்து, பரிசோதனைப் பட்டையில் ரத்தம் என்று காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணுவே இல்லையென்றால் அந்த முரணே போதிய தடயம். தசைச் சிதைவிலும் இப்படி வரலாம். ரத்தத்திலுள்ள எல்.டி.எச். நொதி, ஹாப்டோகுளோபின் ஆகியவற்றின் அளவுகள் வழிகாட்டும். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற ரத்தப் பரிசோதனை பி.என்.எச்.-ஐ உறுதிசெய்யும்.

மருந்தின் விலை எட்டாத உயரத்தில் இருக்க, கண்டுபிடித்து என்ன பயன் என்பதே கனமான கேள்வி. 2007-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எகுலிசுமாப் இன்றும் பெரும்பாலோருக்கு எட்டாதது உண்மைதான். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் வலிநிவாரணிகளைத் தவிர்ப்பது, உடலில் நீர் வற்றாமல் காப்பது, அணுச்சிதைவைத் தூண்டும் தொற்றுக்கு உடனே சிகிச்சை பெறுவது ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. மருந்து கிடைத்தவர்களிலும் பாதிப்பு ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களே அதிகம் தேறினார்கள் என்கிறது அதே 2010 ஆய்வு. எனவே பி.என்.எச். உறுதியானால், ஒவ்வொரு முறையும் ரத்த அளவோடு சிறுநீரகத்தின் நிலையையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.