கன்னியாவின் வெந்நீரும் உயிரின் ஊற்றும்

திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்திலிருந்து சில மைல் தூரத்தில், கன்னியாவில் அருகருகே அமைந்த ஏழு சிறு கிணறுகளில் வெந்நீர் ஊறிக்கொண்டேயிருக்கிறது; இராவணேசுவரன் தன் அன்னையின் ஈமக்கிரியைகளுக்காக உண்டாக்கியவை இவை என்பது ஐதிகமாதலால், அந்தியேட்டி செய்வோர் இங்கு வந்து ஸ்நானம் செய்வது வழக்கம். வாளியால் அள்ளித் தலையில் வார்த்தபடி ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்குச் செல்பவர், சில அடித் தூரத்துக்குள்ளேயே உஷ்ணம் மாறுவதை உடம்பால் அறிந்துகொள்வார்.

எரிமலை ஏதுமற்ற இப்பிரதேசத்தில் இந்நீர் சூடாவதெப்படி? புராதனப் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கும் மழைநீர், ஆழம் செல்லச் செல்லப் பூமியின் உள்வெப்பத்தை ஏற்று மேலெழுகிறது. கண்டங்களின் அடியில் ஒரு கிலோமீற்றருக்குப் பொதுவாக 25 முதல் 30 பாகை வரை உஷ்ணம் உயரும். வெம்மையிலிருந்து குளிர்மையை நோக்கிய இந்த இடையறாத சக்திப் பிரவாகத்துக்கும் ஜீவனின் தோற்றத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்பதே விஞ்ஞானிகள் பலரின் துணிபு.

வெப்பம் பரவிச் சமமாகி அடங்கும், ஒழுங்கு சிதையும் என்பது பௌதிக விதி. ஆயினும் 1900ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி ஹென்றி பெனார், திருகோணமலைக் கடலிலும் தலைகாட்டும் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகை உருக்கி, மெல்லிய படலமாகப் பரப்பிக் கீழிருந்து சூடேற்றியபோது, அத்திரவம் எவரும் அச்சு வார்க்காமலே தேனடை போன்ற அறுகோண அறைகளாகத் தன்னை வகுத்துக்கொண்டது. ஒவ்வோர் அறையின் நடுவிலும் சூடானது ஏறியது, ஓரங்களில் ஆறியது இறங்கியது. சூட்டை நிறுத்தினால் அறைகளும் நில்லா. சக்தி பாயும்வரை மாத்திரம் நிலைக்கும் இத்தகைய அமைப்புகளின் இலக்கணத்தை வகுத்த இலியா பிரிகோஜின், 1977இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

அன்னமும் சுவாசமும் நின்றால் சிதையும் நம் சரீரமும் அவ்வினத்ததே. ஆனால் பெனாரின் அறைகள் தம்மைப் போல் இன்னொன்றைப் பிறப்பிக்கவில்லை. தம் அமைப்பைச் சந்ததிக்குக் கடத்தவுமில்லை. ஜடம் அந்த இடைவெளியைக் கடந்தது எங்கே? அதே 1977இல் கலாபகோஸ் தீவுகளருகே ஆழ்கடலடியில் வெந்நீர் ஊற்றுகளையும், அவற்றைச் சூழ்ந்து வாழும் ஜீவராசிகளையும் கண்டதுமுதல், அத்தகைய இடமே ஆதி என்போர் உண்டு. டேவிட் டீமர் போன்ற விஞ்ஞானிகளோ நிலத்து வெந்நீர்க் குட்டைகளைச் சுட்டுகின்றனர்: கொழுப்பு மூலக்கூறுகள் நீரில் தாமாகவே நுண்பைகளாகத் திரளும், கரையோரம் வற்றும்போது சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக்கொள்ளும், மீண்டும் நீர் பட்டதும் அச்சங்கிலிகள் அப்பைகளுக்குள் அடைபடும். என் மனம் இப்பக்கமே சாய்கிறது. கடலின் உப்பு அந்த நுண்பைகளை எளிதில் குலைத்துவிடும், கடலடியோ ஒருபோதும் வற்றுவதில்லை.